அப்பாவின் மாத்திரை டப்பா - ஒரு சின்ன சரித்திரம்

ஆண்டுக் கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த ஆடிட் என்று இரண்டு மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. மன்னிக்கவும். நாக்பூரில் வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது.

இந்தப் பதிவுக்குக் காரணம் அப்பா. கும்பகோணத்தில் அம்மாவும் அவரும் மட்டும் இருக்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியாகிவிட்டது. பத்து வருஷமாகவே ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். 2022ல் ஒரு நாள் விடிகாலை லேசாக நெஞ்சை அழுத்தி, இடது கை மரத்து, வியர்த்துக் கொட்டி, பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். செய்தி வந்த அன்று நான் பட்ட பாட்டை, வெளியூரில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜி.டி.யில் தத்காலில் இடம் கிடைத்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போனேன். போய்ப் பார்த்தால் அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மாரடைப்புதான், ஆனால் சின்னது. டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாரு சார், அதனால கொஞ்சத்துல போச்சு."

அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2019ல், மன்னார்குடி சித்தப்பா போனார். அதே வியாதி, ஏறக்குறைய அதே மாத்திரைகள். வயிறு எரிகிறது என்று இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருந்தார். வாசலில் பேப்பர் எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை.

போன மாதம் அப்பா போனில், "வருஷக்கணக்கா ஒண்ணும் இல்லையேப்பா, இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை? காலையில நாலு, ராத்திரி ரெண்டு. நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "அது சும்மா ஆறுதலுக்குச் சொன்னது. மாத்திரை போட்டும்தானே வந்துச்சு? போட்டதால சின்னதா வந்துச்சுன்னு என்ன நிச்சயம்? நீ காமர்ஸ் படிச்சவன்தானே, கணக்கு காட்டு" என்றார். வாத்தியார் அல்லவா!

நியாயமான கேள்வி. ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. இரண்டு கடனாளிகளை வைத்து ஒரு கிளையின் வசூலை எடைபோட எந்த ரீஜனல் மேனேஜரும் விடமாட்டார். அதனால் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து படித்தேன். அப்பாவின் டப்பாவிலிருக்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

வெடிமருந்தும் நாக்கடி மாத்திரையும்

டப்பாவின் ஓரத்தில் ஒரு சின்ன அட்டை இருக்கும். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை. நம் வீடுகளில் சார்பிட்ரேட் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரியும். இதன் மூத்த அண்ணன் நைட்ரோகிளிசரின், அதாவது டைனமைட்டில் இருக்கும் அதே சரக்கு!

1847ல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் இதைத் தயாரித்தார். நாக்கில் துளி வைத்துப் பார்த்ததும் தலைவலி மண்டையைப் பிளந்ததாம். அது ரத்தக்குழாய் விரிவதால் வரும் வலி என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1867ல் எடின்பரோவில் லாடர் பிரண்டன் என்ற இளம் டாக்டர், இதே குணமுள்ள அமைல் நைட்ரைட்டை நெஞ்சுவலிக்காரர்களை முகரச் செய்தார். வலி ஓரிரு நிமிடத்தில் அடங்கியது. 1879ல் லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரெல் நைட்ரோகிளிசரினையே மிகச் சிறிய அளவில் கொடுத்து, பலன் தெரிவதை எழுதினார்.

இதில் ஒரு விதியின் விளையாட்டு உண்டு. நைட்ரோகிளிசரினை டைனமைட்டாக்கிப் பணம் குவித்த ஆல்பிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலி. 1896ல் டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து நைட்ரோகிளிசரின். இதென்ன விந்தை என்று அவரே நண்பருக்கு எழுதியிருக்கிறார். அந்த வருஷம் டிசம்பரில் காலமானார். நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுதான் ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது என்ற கண்டுபிடிப்புக்கு 1998ல் அவர் பெயரிலான பரிசே மூன்று விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலியைக் குறைப்பது வேறு, உயிரைக் காப்பது வேறு. 1995ல் வெளிவந்த ஐசிஸ்-4 என்ற ஆய்வில், மாரடைப்பு வந்த 58,000 பேரை வைத்துப் பார்த்தார்கள். இந்த நைட்ரேட் வகை மாத்திரையை மாரடைப்பு வந்த கையோடு எல்லோருக்கும் கொடுத்ததால் இறப்பு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஆகவே "சார்பிட்ரேட் பாக்கெட்டில் இருக்கிறது, மற்றதெல்லாம் எதற்கு" என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

படுக்கையே வைத்தியமாக இருந்த காலம்

மாரடைப்பு என்றால் இதயத்தின் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிக்கொள்வது என்று 1912ல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் தெளிவாக எழுதினார். வந்தவர் எல்லோரும் உடனே சாவதில்லை, பிழைக்கவும் செய்வார்கள் என்றும் சொன்னார். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் வைத்தியம் என்றால் மார்பின் ஊசி, வாரக்கணக்கில் படுக்கை.

1955 செப்டம்பர் 24ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு. உலகத்திலேயே அதிகாரம் மிக்க மனிதர். ஏறக்குறைய ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அடுத்த திங்கட்கிழமை பங்குச் சந்தை ஒரே நாளில் 6 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. (ஷேர் மார்க்கெட் விஷயம் என்றால் நமக்கு உடனே கண்ணில் பட்டுவிடும்!) அவருக்குக் கிடைத்த உயர்ந்த வைத்தியத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருந்தது. ஆனால் இன்று அப்பாவின் டப்பாவில் இருக்கும் பீட்டா பிளாக்கரும் ஸ்டாட்டினும் அன்று உலகத்திலேயே இல்லை. ஆஸ்பிரின் இருந்தது, தலைவலி மாத்திரையாக.

தலைவலி மாத்திரை இதயத்துக்கு வந்த கதை

ஆஸ்பிரினை ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1899ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தலைவலி, காய்ச்சல், மூட்டுவலிக்குத்தான். கலிபோர்னியாவில் கிளெண்டேல் என்ற ஊரில் லாரன்ஸ் கிரேவன் என்று ஒரு சாதாரண குடும்ப டாக்டர். டான்சில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஆஸ்பிரின் கலந்த சூயிங் கம் நிறைய மென்றவர்களுக்கு ரத்தம் நிற்காமல் கசிவதைக் கவனித்தார். ரத்தம் உறைவதை இது தடுக்கிறது என்றால் மாரடைப்பையும் தடுக்குமே என்று தோன்றியது. தன்னிடம் வரும் ஆண்களுக்குத் தினம் ஆஸ்பிரின் கொடுத்தார். 1956ல், சுமார் 8,000 பேருக்குக் கொடுத்ததில் நல்ல பலன் என்று எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. எழுதியது பெரிய பத்திரிகையில் அல்ல; மாத்திரை சாப்பிடாதவர்களோடு ஒப்பிடவும் இல்லை. 1957ல் அவரே மாரடைப்பில் இறந்தார்.

1971ல் பிரிட்டனின் ஜான் வேன், ஆஸ்பிரின் உடம்பில் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்தார் (1982ல் நோபல்). 1974ல் வேல்ஸில் பீட்டர் எல்வுட், ஆர்ச்சி காக்ரேன் குழுவினர் 1,239 ஆண்களிடம் முறையான சோதனை செய்தார்கள். பலன் இருப்பது போலத் தெரிந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் இன்னொரு சந்தேகமும் தீர்ந்தது. ரத்தக்கட்டி மாரடைப்புக்குக் காரணமா, அல்லது மாரடைப்புக்குப் பின் உருவாவதா என்று டாக்டர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1980ல் அமெரிக்காவின் மார்கஸ் டிவுட், மாரடைப்பு வந்த நாலு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தவர்களில் 87 சதவீதம் பேருக்குக் குழாய் முழுக்க அடைத்திருந்தது. அப்புறம் என்ன, கட்டியைக் கரைக்க வேண்டியதுதான். 1933ல் கண்டுபிடித்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் அதற்குத் தயாராக இருந்தது. 1986ல் இத்தாலியில் கிட்டத்தட்ட 12,000 பேரிடம் நடந்த ஜிஸ்ஸி ஆய்வில், வலி வந்த ஒரு மணி நேரத்துக்குள் இந்த ஊசி போட்டவர்களில் இறப்பு ஏறக்குறைய பாதியானது.

1988ல் வந்தது ஐசிஸ்-2. 16 நாடுகள், 417 ஆஸ்பத்திரிகள், 17,187 நோயாளிகள். சீட்டுக் குலுக்குவது போல நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ஒன்றும் கொடுக்காத பிரிவில் ஐந்து வாரத்தில் இறந்தவர்கள் 13.2 சதவீதம். ஊசியும் ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் 8 சதவீதம். ஆஸ்பிரின் மட்டுமே கால்வாசி இறப்பைக் குறைத்தது. விலை என்னவோ காசு கணக்குதான்!

இதில் நம்மவர்கள் ரசிக்கும் ஒரு துணுக்கு. பத்திரிகைக்காரர்கள், "வயசு வாரியாக, ஆண் பெண் வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள்" என்று கேட்டார்களாம். அப்படிப் பொடிப்பொடியாகப் பிரித்தால் தற்செயலாகவே தப்பான முடிவு வரும் என்று காட்ட, ஆய்வாளர்கள் ராசி வாரியாகப் பிரித்துப் போட்டார்கள். மிதுன ராசிக்கும் துலா ராசிக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை, கொஞ்சம் கெடுதல் கூடச் செய்தது என்று வந்தது! அப்பா துலா ராசி. இந்த வரியைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடப் போகிறார் என்று பயமாக இருக்கிறது. அப்பா, அது கிண்டலுக்காகப் போட்டது. "சித்தப்பா நிறுத்தினார், போனார். அப்பா சாப்பிட்டார், பிழைத்தார்" என்று இரண்டு பேரை வைத்து நான் பேசுவதும் அதே ரகம்தான். அதனால்தான் ஆயிரக்கணக்கில் கணக்கு தேவைப்படுகிறது.

இதயத்தை நிதானப்படுத்தும் மாத்திரை

அடுத்து பீட்டா பிளாக்கர். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக், ரத்தத்தைக் கூட்டிக் கொடுப்பதைவிட இதயத்தின் வேலையைக் குறைத்தால் என்ன என்று யோசித்தார். பயம், கோபம், ஓட்டம் எதுவானாலும் அட்ரினலின் இதயத்தை விரட்டும். அந்த விரட்டலைத் தடுத்துவிட்டால், இருக்கிற ரத்தமே போதும். 1960களில் ஐ.சி.ஐ. கம்பெனியில் ப்ரொப்ரனலால் பிறந்தது. 1988ல் அவருக்கும் நோபல். 1982ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், மாரடைப்பு வந்து பிழைத்த 3,837 பேரில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 7.2 சதவீதமும், சாப்பிடாதவர்களில் 9.8 சதவீதமும் இறந்தார்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

1985ல் இன்னொரு சுவாரசியமான விஷயம் வெளிவந்தது. ஜேம்ஸ் முல்லர் குழுவினர் மாரடைப்பு எத்தனை மணிக்கு வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். காலை 6 மணியிலிருந்து மதியம் வரைதான் அதிகம். காலை 9 மணிக்கு வருவது ராத்திரி 11 மணிக்கு வருவதைப்போல மூன்று மடங்கு. எழுந்து நடமாடும்போது உடம்பு முடுக்கிவிடப்படுவது காரணமாக இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் இந்தக் காலை நேர ஏற்றம் இல்லை. சித்தப்பா பேப்பர் எடுக்கப் போனது ஆறரை மணிக்கு.

இதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1975லேயே, ப்ரொப்ரனலாலைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு நெஞ்சுவலி பழையதைவிட மோசமாகத் திரும்பி வந்ததையும், சிலருக்கு மாரடைப்பே வந்ததையும் டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். வருஷக்கணக்கில் அணை கட்டித் தேக்கியதை ஒரே நாளில் திறந்துவிடுவது போல. குறைப்பதானால் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

அரிசிப் பூஞ்சையிலிருந்து வந்த மருந்து

கடைசியாக ஸ்டாட்டின். ஜப்பானில் அகிதா என்ற விவசாயப் பிரதேசத்தில் பிறந்தவர் அகிரா எண்டோ. பூஞ்சையிலிருந்து பென்சிலின் வந்ததுபோல் கொழுப்பைக் குறைக்கும் மருந்தும் வரும் என்று நம்பி, சுமார் 6,000 பூஞ்சைகளைச் சோதித்தார். 1973ல் பிடிபட்டது. கியோட்டோவில் ஒரு அரிசிக் கடை அரிசியில் பூத்திருந்த நீலப் பூஞ்சை! அவர் கண்டுபிடித்தது கடைக்கு வரவில்லை. அதே வழியில் போன அமெரிக்க கம்பெனியின் லோவாஸ்டாட்டின்தான் 1987ல் முதலில் அனுமதி பெற்றது. நோபல் பரிசு எண்டோவுக்குக் கிடைக்கவே இல்லை. 2024 ஜூனில் தொண்ணூறு வயதில் காலமானார்.

1994ல் ஸ்காண்டினேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் ஐந்தரை வருஷம் பார்த்த ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் சாப்பிடாத பிரிவில் 256 பேர் இறந்தார்கள், சாப்பிட்ட பிரிவில் 182 பேர். எல்லோரும் இதைக் கொழுப்புக் கணக்காகவே பார்த்தார்கள். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மாரடைப்பு என்பது குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைந்து கடைசியில் மூடிக்கொள்வது மட்டுமல்ல. சுவரில் படிந்த கொழுப்பு மேட்டின் மெல்லிய மூடி திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் கட்டிக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஸ்டாட்டின் அந்த மேட்டின் கொழுப்பையும் அழற்சியையும் குறைத்து மூடியைக் கெட்டியாக்குகிறது. பீட்டா பிளாக்கர் அதன்மேல் மோதும் வேகத்தைக் குறைக்கிறது. மூடி வெடித்தாலும் கட்டி பெரிதாகாமல் ஆஸ்பிரின் பார்த்துக்கொள்கிறது. அப்பாவின் டப்பாவில் மூன்றும் மூன்று வேலை.

அப்பாவின் கேள்விக்கு நேர் பதில்

இதுவரை சொன்னதெல்லாம் மாரடைப்பையும் சாவையும் குறைக்கும் கணக்கு. அப்பா கேட்டது, வரும்போது அடி லேசாகுமா என்று. இதைத் தனியாகவே பார்த்திருக்கிறார்கள்.

1995ல் ஸ்பெயின் டாக்டர்கள், முன்பே ஆஸ்பிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முழு மாரடைப்பைவிட லேசான வகையோடு அதிகம் வருவதைக் கண்டார்கள். பிறகு பல நாடுகள் சேர்ந்து நடத்திய கிரேஸ் என்ற பதிவேட்டில், ஆஸ்பிரினுக்கும் (2002) ஸ்டாட்டினுக்கும் (2004) அதே போக்கு தெரிந்தது. இ.சி.ஜி.யில் எஸ்.டி. கோடு எழும்பும் பெரிய வகை, முன்பே மாத்திரை சாப்பிட்டவர்களிடம் குறைவு.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2006ல் வந்த ஒரு ஆய்வு. ஆலன் கோ, மார்க் ஹ்லாட்கி குழுவினர் வட கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பில் செய்தது. இதய நோய் முதன்முதலில் தலைகாட்டும்போது எப்படி வருகிறது என்று பார்த்தார்கள். 916 பேருக்கு நேராக மாரடைப்பு. 468 பேருக்கு நடந்தால் வரும் நெஞ்சுவலி, அதாவது முன்னறிவிப்பு நோட்டீஸ். மாரடைப்பாக வந்தவர்களில் ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 19.3 சதவீதம், நெஞ்சுவலியாக வந்தவர்களில் 40.4 சதவீதம். பீட்டா பிளாக்கரில் 19 சதவீதத்துக்கு எதிராக 47.7 சதவீதம். வயது, புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வியாதி வராமல் இல்லை. வந்தது, ஆனால் கதவை உடைத்துக்கொண்டு வராமல் தட்டிவிட்டு வந்தது.

எங்கள் பாஷையில் இதுதான் ப்ரொவிஷன். ஒதுக்கீடு வைத்திருப்பதால் கடன் வாராமல் போவது நிற்காது. போகும்போது பேங்க் சாயாமல் இருக்கும்.

சரி, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் ஆடிட்டர் விடமாட்டார். இவையெல்லாம் சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனைகள் அல்ல, நடந்ததைப் பதிவேட்டில் பார்த்தவை. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர் ஒழுங்காக நடப்பார், செக்கப்புக்கும் போவார். மாத்திரையின் பலன் எது, ஒழுக்கத்தின் பலன் எது என்று முழுக்கப் பிரிக்க முடியாது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்தான் இருப்பார்கள். வாசலிலேயே போனவர்கள் இருக்கமாட்டார்கள்.

இன்னொரு முரணும் உண்டு. 2000ல் வெளிவந்து டாக்டர்கள் பயன்படுத்தும் டிமி என்ற ஆபத்து மதிப்பெண்ணில், "கடந்த ஏழு நாளில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால்" ஒரு மதிப்பெண் கூடுதல் ஆபத்து! ஆஸ்பிரின் கெடுதல் என்று அர்த்தமில்லை. ஆஸ்பிரினையும் மீறி வந்திருக்கிறது என்றால் உள்ளே வியாதி முற்றியிருக்கலாம் என்று அர்த்தம். ஏற்கெனவே தவணையை மாற்றிக் கொடுத்த கடன் மறுபடியும் நின்றால் நாங்கள் கூடுதலாகக் கவலைப்படுவது போலத்தான். ஆகவே அப்பா "மாத்திரை போட்டும்தானே வந்துச்சு" என்று சொன்னதன் சரியான அர்த்தம், மாத்திரை வீண் என்பதல்ல. இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ஆள் என்பதுதான்.

அறிவியலும் தன் கணக்கைத் திருத்திக்கொண்டேதான் இருக்கிறது. இதய நோயே இல்லாதவர்கள் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆஸ்பிரின் சாப்பிடுவதில் லாபத்தை ரத்தக்கசிவு பெரும்பாலும் தின்றுவிடுகிறது என்று 2018ல் மூன்று பெரிய ஆய்வுகள் சொல்லிவிட்டன. 2024ல் ஸ்வீடன் தலைமையில் நடந்த ஆய்வில், மாரடைப்புக்குப் பின்னும் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறையாதவர்களுக்கு பீட்டா பிளாக்கரால் தெளிவான பலன் தெரியவில்லை. 2025ல் வந்த ஆய்வுகளில் ஒன்று அதையே சொன்னது, இன்னொன்று கொஞ்சம் பலன் உண்டு என்றது. ஸ்டென்ட், ஸ்டாட்டின் எல்லாம் வந்த காலத்தில் பழைய கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை எக்கோவைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். அப்பாவும் நானும் போனில் முடிவு செய்ய வேண்டாம்.

நம் நாட்டுக் கணக்கு

2008ல் வெளிவந்த க்ரியேட் என்ற இந்தியப் பதிவேட்டில், 89 ஆஸ்பத்திரிகளில் 20,468 பேர். அதில் 60 சதவீதம் பெரிய வகை மாரடைப்பு. சராசரி வயது 57தான். ஏழைகளில் ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் 8.2 சதவீதம், வசதியுள்ளவர்களில் 5.5. வித்தியாசத்துக்குப் பெரும் காரணம், ஏழைகளுக்குக் கிடைத்த வைத்தியம் குறைவு என்பதே. 2011ல் வந்த ப்யூர் ஆய்வில், இந்தியா உள்பட வருமானம் குறைந்த நாடுகளில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் 80 சதவீதம் பேர் இந்த மாத்திரைகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. எண்பது சதவீதம்!

இத்தனைக்கும் 1970ஆம் வருஷ காப்புரிமைச் சட்டத்தின் புண்ணியத்தில் நம் நாட்டுக் கம்பெனிகள் இந்த மருந்துகளை மலிவாகச் செய்யக் கற்றுக்கொண்டன. ஸ்ட்ரெப்டோகைனேஸைக்கூட சண்டிகரின் அரசு ஆய்வுக்கூடமான இம்டெக் நம் முறையில் செய்யக் கற்றுக்கொடுத்தது. மருந்து இருக்கிறது, விலை குறைவு. சாப்பிடுவதுதான் இல்லை.

ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2023ல் இதயம் காப்போம் என்ற திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனே கொடுக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் இருப்பு வைத்தார்கள். உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் நிலையம் எது, ராத்திரியில் யார் வண்டி எடுப்பார்கள் என்று அம்மா அப்பாவிடம் ஒருமுறை பேசி வையுங்கள். 108 நம்பர் எழுதி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியாகிவிட்டது.

இதை அச்செடுத்து அப்பாவுக்கு கொரியரில் அனுப்பப் போகிறேன். அவர் கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. சிவப்பு மையில் திருத்திவிட்டுத்தான் படிப்பார், பரவாயில்லை. நேற்று போனில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அது சரி, போன வருஷம் பேங்க் செக்கப்புல உனக்கும் கொழுப்பு ஜாஸ்தின்னு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்களே, சாப்பிடறியா?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. அந்த அட்டை மேஜை டிராயரில் பிரிக்காமல் கிடந்தது. ராத்திரி எடுத்துப் பார்த்தேன், காலாவதித் தேதி தாண்டியிருந்தது. திங்கட்கிழமை டாக்டரிடம் போய்ப் புதுச் சீட்டு வாங்க வேண்டும். அப்பாவிடம் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். தினம் ராத்திரி ஒன்பதுக்கு போன், இரண்டு பேரும் லைனில் இருக்கும்போதே மாத்திரை. அம்மா சாட்சி.

டிஸ்கி: நான் பி.காம். டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.